ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. மண்டப வாசலில் மொய் மேசை போட்டாகிவிட்டது. லேப்டாப், ரசீது அடிக்கிற சின்ன பிரிண்டர், சந்தனக் கிண்ணம் எல்லாம் தயார். எங்கள் பக்கம் இப்போது நிறைய விசேஷங்களில் மொய்யைக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறார்கள். பெயர், ஊர், தொகை அடித்தால் கையில் ரசீது. விசேஷம் முடிந்ததும் ஊர்வாரியாகப் பட்டியல். அந்த வேலைக்குப் போயிருந்த தம்பி எனக்கு போன் போட்டான்.

“அண்ணே, மொய் சாஃப்ட்வேர் ஓப்பனே ஆகமாட்டேங்குதுண்ணே. முந்தாநாத்துதான் சிஸ்டத்த ஃபார்மட் அடிச்சு வாங்கினேன். தாய்மாமன் சீர் வந்து எறங்கிருச்சு, இங்கன கூட்டம் நிக்குது.”

“திரையில என்னமோ வருதுல்ல, அத வாசி.”

“என்னமோ இங்கிலீசுல வந்துச்சுண்ணே. குளோஸ் பண்ணிட்டேன்.”

எனக்கு மதுரை சிம்மக்கல்லில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை அடிப்பது தொழில். அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பது ஓசி வேலை. இத்தனை வருடத்தில் நான் கேட்ட புகார்களில் பாதி இந்த ஒரு வரியில் முடியும்: என்னமோ வந்தது, குளோஸ் பண்ணிவிட்டேன். அந்த ‘என்னமோ’வில்தான் விடை இருக்கும்.

அதை வாசிப்பதற்கு, இன்ஸ்டால் என்றால் என்ன என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பாட்டைக் காப்பி செய்கிற மாதிரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாட்டு ஒரே கோப்பு, எங்கே வைத்தாலும் பாடும். மென்பொருளோ மண்டபத்துக்கு வருகிற சமையல் மாஸ்டர் மாதிரி. அவர் தன் ஆட்களோடும் நாலு கரண்டியோடும் வருவார். அண்டா, இட்லிக் கொப்பரை, அடுப்பு எல்லாம் மண்டபத்து ஸ்டோர் ரூமில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வருவார். ஒவ்வொரு மாஸ்டரும் சொந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் கட்டுப்படியாகாது. விண்டோஸிலும் அப்படி ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. அதில் இருக்கும் பொதுப் பாத்திரங்களில் பலவற்றுக்கு டிஎல்எல் கோப்புகள் என்று பெயர். விஷுவல் சி பிளஸ் பிளஸ், டாட்நெட் என்று நீங்கள் அவ்வப்போது பார்க்கிற பெயர்கள் எல்லாம் இந்தப் பாத்திரங்களின் செட்டுகள்தான்.

செட்டப் ஃபைலை டபுள் கிளிக் செய்ததும் அது முதலில் தன் மூட்டையை டெம்ப் என்கிற தற்காலிக இடத்தில் அவிழ்க்கும். அங்கிருந்து எடுத்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் அடுக்கும். இன்ன இடத்தில் இன்னார் குடிவந்திருக்கிறார் என்று ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் எழுதும். தனக்கு வேண்டிய பாத்திரம் ஸ்டோர் ரூமில் இல்லாவிட்டால் சில மென்பொருள் தானே கொண்டுவந்து வைத்துவிடும், சில கண்டுகொள்ளாது. அப்புறம் நீங்கள் திறந்து வேலை பார்க்கும்போது உங்கள் விருப்பங்களை, எந்த எழுத்து, எந்த பிரிண்டர் என்பதையெல்லாம், ஆப்டேட்டா என்ற இன்னோர் இடத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளும். இந்த வரிசையில் எங்கே அறுந்தாலும் நம் வாயில் வருவது ஒரே வாக்கியம்தான், ‘சிஸ்டத்துல போகல’. ஆனால் இன்ஸ்டால் ஆகாதது ஒரு நோய், இன்ஸ்டால் ஆகியும் திறக்காதது வேறு நோய். முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தம்பியை மறுபடி டபுள் கிளிக் செய்யச் சொன்னேன். அதே பெட்டி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தான்: இந்த மென்பொருளுக்கு டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 வேண்டும். அவ்வளவுதான் விஷயம். டாட்நெட் 3.5 என்பது 2007-இல் வந்த பாத்திர செட். அந்தக் காலத்தில் எழுதிய உள்ளூர் மென்பொருள்களுக்கு, மொய், வட்டிக்கடை, ரைஸ் மில் கணக்கு எதுவானாலும், அது இல்லாமல் முடியாத கதை நிறைய உண்டு. விண்டோஸ் 10-இல் புதிய டாட்நெட் 4 உள்ளேயே வந்துவிடும், 3.5 வராது, கேட்டால் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுக்கும். ஃபார்மட்டுக்கு முன்னால் அவனுடைய லேப்டாப்பில் அது இருந்திருக்கிறது, எந்தக் காலத்திலோ யாரோ போட்டது. ஃபார்மட் என்றால் டிஸ்க்கை வழித்துத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதில் ஸ்டோர் ரூமே காலி. மண்டபத்தில் வைஃபை கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அந்தப் பெட்டியிலேயே இருக்கும் ‘டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்’ என்பதை அழுத்தச் சொன்னேன். அது இறங்கி முடிகிற வரை அவனுடைய சித்தப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்லி, கோடு போட்டு மொய் எழுதிக்கொண்டிருந்தார்.

எரர் பெட்டி வந்தால் செய்ய வேண்டியது: முதலில் கையை மவுஸிலிருந்து எடுங்கள். போனில் ஒரு படம் பிடியுங்கள். இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. அந்தப் பெட்டி முன்னால் இருக்கும்போது கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸின் சாதாரணச் செய்திப் பெட்டி என்றால், அதிலுள்ள வாசகம் முழுக்கக் காப்பியாகிவிடும். நோட்பேடில் ஒட்டிக்கொள்ளலாம். அந்த வாசகத்தை அப்படியே தேடினால் உங்களுக்கு முன்னால் அதில் மாட்டியவர்கள் எழுதி வைத்த வைத்தியம் கிடைக்கும். ‘சாஃப்ட்வேர் ஓப்பன் ஆகவில்லை’ என்று தேடினால் கிடைப்பது குப்பை.

இன்ஸ்டால் ஆகாத கதைகளில் அற்பமானதை முதலில் பார்த்துவிடுவோம். செட்டப் ஃபைல் முழுசாக இறங்கியிருக்காது. நடுவில் நெட் போயிருக்கும், அல்லது பென்டிரைவை எழுதி முடிப்பதற்குள் பிடுங்கியிருப்பீர்கள். ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். இணையதளத்தில் போட்டிருக்கும் அளவை விடக் குறைவு என்றால் திரும்ப இறக்குங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துப் பாருங்கள். 1618 என்ற எண்ணோடு எரர் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வேறேதோ இன்ஸ்டால் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியட்டும், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். கரண்ட் போய்ப் பாதியில் நின்ற இன்ஸ்டால் என்றால், அரைகுறையாகப் போனதை கன்ட்ரோல் பேனலில் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

விண்டோஸ் நீல நிறத்தில் பெரிய பெட்டி போட்டுத் தடுத்தால் அது வைரஸ் என்று அர்த்தமில்லை. இந்தக் கோப்பை அதிகம் பேர் இறக்கவில்லை, இதை எனக்குத் தெரியாது என்கிறது, அவ்வளவுதான். தமிழ் டைப்பிங்குக்கு யாரோ ஒருவர் தனியாளாக எழுதிய சின்ன மென்பொருளுக்கெல்லாம் இந்தப் பெட்டி வரும். செய்தவருடைய சொந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்றால் ‘மோர் இன்ஃபோ’வைத் தட்டி, ‘ரன் எனிவே’ கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்தது, ‘கிராக்’ (காசு கொடுக்காமல் பூட்டை உடைத்தது) என்று பெயரில் இருப்பது என்றால் வேண்டாம். கிராக் போட்டவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நேற்று வரை ஓடியது இன்று திறக்காது; விண்டோஸின் வைரஸ் காவல்காரனான டிஃபெண்டர் ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். மதுரையில் எத்தனை டிடிபி கடைகளில் காலை பத்து மணிக்கு இந்தப் புலம்பல் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. என் கடையும் ஒரு காலத்தில் அதில் சேர்த்திதான்.

அடுத்து 32 பிட், 64 பிட். இது கேள்விப்பட்ட அளவுக்குப் புரியாத விஷயம். கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதவிலக்கம் வைத்திருக்கிறது. அந்த இலக்கத்தை எழுத 32 கட்டம், அதாவது 32 பிட், இருந்தால் சுமார் 400 கோடி வீடுகளுக்குத்தான் இலக்கம் கொடுக்க முடியும், அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் போகத்தான் 64 கட்டம் வந்தது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருளும் ஓடும். 32 பிட் விண்டோஸில் 64 பிட் மென்பொருள் ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

ஆனால் இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. பத்திரிகை அடிக்கிற நண்பர் ஒருவர் புது கம்ப்யூட்டர் வாங்கினார். பேஜ் செட்டிங்குக்கு 1990-களின் மென்பொருள் ஒன்றை இன்னமும் வைத்திருந்தார். அவருடைய முப்பது வருட டிசைன் எல்லாம் அதில்தான். சிடியிலிருந்து செட்டப்பை ஓட்டினால் ‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்று ஒரே வரி. மென்பொருள் 32 பிட்தானே, பெட்டியிலேயே போட்டிருக்கிறதே என்று அவருக்கு ஆத்திரம். மென்பொருள் 32 பிட்தான். அதைக் கொண்டுவந்து இறக்குகிற செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட்! அந்தக் காலத்து செட்டப்புகள் பல அப்படித்தான், விண்டோஸ் 3.1 காலத்துப் பழக்கம் விட்டுப்போகாமல். 64 பிட் விண்டோஸுக்கு 16 பிட் பாஷை அறவே தெரியாது. மாப்பிள்ளை நல்லவர்தான், அழைத்துவந்த மாட்டுவண்டி பாலத்தில் ஏற மறுத்தால் என்ன செய்வது? கடைசியில் புது கம்ப்யூட்டருக்குள்ளேயே வர்ச்சுவல் மெஷின் என்று ஒரு பொய் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் 32 பிட் விண்டோஸ் போட்டு அந்த மென்பொருளைக் குடியேற்றினோம். அதே ‘ஓடாது’ செய்தி, செட்டப் ஃபைல் அரைகுறையாக இறங்கியிருந்தாலும் வரும், 32 பிட் சிஸ்டத்தில் 64 பிட் செட்டப்பை ஓட்டினாலும் வரும். எரர் ஒன்றுதான், காரணம் மூன்று. அதனால் செய்தியை வாசித்தால் மட்டும் போதாது, கோப்பு எந்தக் காலத்தது, எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். திருமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர் அக்கா லேப்டாப் கொண்டுவந்தார். எந்தப் பழைய மென்பொருளைப் போட்டாலும் ‘டெம்ப் ஃபோல்டரில் எழுத முடியவில்லை’ என்று நின்றுவிடுகிறது. இரண்டு தடவை ஃபார்மட் அடித்தாகிவிட்டது, ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய். எரரைப் பார்த்தேன். ஃபோல்டர் முகவரியில் யூசர்ஸ் என்பதற்கு அடுத்து வரிசையாகக் கேள்விக்குறிகள். புரிந்துவிட்டது.

“அக்கா, மொத மொத சிஸ்டம் பேரு கேட்டப்ப தமிழ்ல அடிச்சீங்களா?”

“ஆமா தம்பி. தமிழ் டீச்சர் வேற எதுல அடிக்கிறது?”

நியாயமான கேள்வி. விண்டோஸ் அந்தப் பெயரிலேயே அவருக்கு ஒரு ஃபோல்டர் திறந்துவிட்டது, டெம்ப்பும் அதற்குள்தான் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் இடம் வைத்திருக்கிற யூனிகோட் என்ற பொது அட்டவணையில் எழுதப்பட்ட மென்பொருளுக்கு இதில் பிரச்சினையே இல்லை. அதற்கு முந்தைய பாணியில் எழுதியவைதான் திணறும். அவை எழுத்துகளைக் ‘கோட் பேஜ்’ என்ற பழைய அட்டவணையை வைத்துப் படிக்கும். கிரேக்கத்துக்கு ஒன்று, அரபுக்கு ஒன்று, தாய்லாந்து மொழிக்கு ஒன்று என்று விண்டோஸில் அட்டவணைகள் இருந்தன. தமிழுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு தமிழ் நுழைந்தபோது நேராக யூனிகோடாகவே நுழைந்தது. அதனால் பழைய மென்பொருளின் கண்ணுக்கு அக்காவின் பெயர் வெறும் கேள்விக்குறிகள். அப்படி ஒரு ஃபோல்டர் கிடையாது, ஆகவே எழுத முடியாது. இரண்டு ஃபார்மட்டிலும் அவர் அதே பெயரைத் தமிழில் அடித்திருக்கிறார், இரண்டு தடவையும் நோய் திரும்பியிருக்கிறது. செட்டிங்ஸில் பெயரை மாற்றினால் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு யூசர் உருவாக்கி, அதற்குள் போய் இன்ஸ்டால் செய்தோம். பத்து நிமிட வேலை. தன் பெயரை இங்கிலீஷில் எழுதினால்தான் மிஷின் மதிக்கும் என்பதில் அக்காவுக்கு வருத்தம்தான். எனக்கும்தான்.

சரி, இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஐகானும் வந்துவிட்டது, திறக்கவில்லை. இங்கே பெரும்பாலும் பாத்திரப் பிரச்சினை. விசிரன்டைம்140 டிஎல்எல் காணவில்லை, எம்எஸ்விசிபி140 காணவில்லை என்று வரும். உடனே அந்தப் பெயரைத் தேடி, அந்த ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிறேன் என்கிற தளங்களுக்குப் போய்விடாதீர்கள். ஊர் பேர் தெரியாதவன் கொடுக்கிற அண்டாவில் யார் சமைப்பது? அந்த இரண்டுமே மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற செட்டைச் சேர்ந்தவை. அவர்கள் தளத்தில் இலவசம், 2015 முதல் 2022 வரைக்குமான பதிப்புகளுக்கு ஒரே செட்தான். உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32, 64 இரண்டையும் போடுங்கள். 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் பாத்திரம்தான் பொருந்தும். இரண்டையும் கலந்து வைத்தால் வருகிற எரரின் எண் 7பி என்று முடியும். போகிறபோக்கில் ஒரு வேடிக்கை: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64-இல் இருப்பவை 32 பிட். பெயர் வைத்தவர்களைக் கேட்டால் நியாயம் சொல்வார்கள். கையால் கோப்பைத் தூக்கிப் போடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

எரரே வராமல், டபுள் கிளிக் செய்தால் வட்டம் சுற்றி நின்றுவிடுகிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதே மென்பொருள் ஏற்கெனவே உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தால் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று அடியுங்கள். ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று வரும், நாள்வாரியாக எது எப்போது விழுந்தது என்ற குறிப்பு. அதில் ‘ஃபால்ட் மாட்யூல்’ என்ற இடத்தில் உண்மையில் இடறிய கோப்பின் பெயர் இருக்கும். பல சமயம் அது மென்பொருளாகவே இருக்காது. டிஸ்ப்ளேயையோ பிரிண்டரையோ ஓட்டுகிற டிரைவர் கோப்பாக இருக்கும்.

நேற்று வரை திறந்தது இன்று திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் ஆப்டேட்டாவில் இருக்கும் அந்தக் குறிப்பின் மேல்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தால் அது கெட்டுப்போயிருக்கும். நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் பல மென்பொருள் அந்தக் குறிப்பை மட்டும் அழிக்காது, அதனால்தான் ‘ரீஇன்ஸ்டால் பண்ணியும் அதேதான்’. அந்த மென்பொருளின் பெயரில் உள்ள ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ‘பழசு’ என்று சேர்த்துவிட்டுத் திறந்து பாருங்கள். புதுக் குறிப்பு எழுதிக்கொண்டு திறந்துவிட்டால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அழிக்க மட்டும் வேண்டாம், உங்கள் வேலையும் அதற்குள் இருக்கலாம்.

ஒரு வீடியோ எடிட்டர் பையன் வந்து சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை என்று சாதித்தான். கீழே டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, மேலே ஜன்னல் இல்லை. முந்தின நாள் மண்டபத்து எல்இடி திரையை லேப்டாப்போடு சேர்த்து ஓட்டியிருக்கிறான். மென்பொருள் இன்னமும் அந்தத் திரை வலது பக்கம் இருப்பதாக நினைத்து அங்கே போய்த் திறந்துகொண்டிருக்கிறது. ஐகானை ஒருமுறை தட்டிவிட்டு, விண்டோஸ் கீயோடு ஷிஃப்ட்டையும் பிடித்துக்கொண்டு இடது அம்புக்குறியை அழுத்தினேன். ஓடி வந்துவிட்டது.

தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் போர்டுக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துவிட்டால் ஒவ்வொரு காலையும் சிஸ்டம் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண் விழிக்கும். இணையத்தில் சரிபார்த்துத் திறக்கிற மென்பொருள் எல்லாம் சான்றிதழ் தேதி பொருந்தவில்லை என்று அடம்பிடிக்கும். ஒரு சின்ன பேட்டரிக்காக விண்டோஸை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்பதும் ஒரு நேர்மையான காரணம்தான். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புது செட்டப்பைப் பழைய விண்டோஸில் ஓட்டிவிட்டு ‘ஆகலையே’ என்று திரும்பத் திரும்ப டபுள் கிளிக் செய்வதில் பயனில்லை. அதற்கு ஏற்ற பழைய பதிப்பைத் தேடுங்கள், அல்லது விண்டோஸை ஏற்றுங்கள்.

ஃபார்மட் அடிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. வைரஸ் வேர் பிடித்துவிட்டது, ஹார்ட் டிஸ்க்கை மாற்றுகிறோம் என்றால் வேறு வழியில்லை. ஒரே ஒரு மென்பொருள் திறக்கவில்லை என்பதற்காக அடிப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாதது. பல்வலிக்குத் தலையை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்த மாதிரி. வைத்த தலைக்கு ஊரில் யாரையும் அடையாளம் தெரியாது. பிரிண்டர் தெரியாது, ஃபான்ட் தெரியாது, டாட்நெட் 3.5 தெரியாது.

இதில் இன்னொன்று. விண்டோஸ் போடுகிற பென்டிரைவைத் திறந்து பார்த்தால் சோர்ஸஸ் என்ற ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கும். டாட்நெட் 3.5-ஐ நெட் இல்லாமல் போடுவதற்கான கோப்பு அதற்குள்தான். உசிலம்பட்டித் தம்பிக்கு அன்று காலை தேவைப்பட்டது, ஃபார்மட் அடித்துக் கொடுத்த மெக்கானிக்கின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

எட்டேகாலுக்கு மொய் சாஃப்ட்வேர் திறந்துவிட்டது. நோட்டில் எழுதிய அறுபது சொச்சம் பேரையும் மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறான். இப்போதெல்லாம் அவன் பையில் ரசீது ரோலுக்குப் பக்கத்தில் அந்தப் பென்டிரைவும் இருக்கிறது. சித்தப்பா சொன்னாரென்று ஒரு நாற்பது பக்க நோட்டும்.